ராணிப்பேட்டை மண்ணும் ஒரு 30 வோல்ட் பவர் சப்ளையும்: 4 மாதம் ஓட்டிப் பார்த்ததில்

மண்ணுக்குள் கரண்ட் விட்டுக் குரோமியத்தை வெளியே இழுக்கும் சோதனைக்காக எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு டிசி பவர் சப்ளை வாங்கினோம். சரியாகச் சொன்னால் இரண்டு வாங்கினோம், ஏனென்றால் முதலாவது இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. இரண்டுமே 0 முதல் 30 வோல்ட், 0 முதல் 5 ஆம்பியர், மேசைமேல் வைக்கிற ரகம், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. இதே சோதனையைத் தங்கள் மாணவர்களை வைத்துச் செய்யலாமா, எந்தப் பெட்டி வாங்கலாம் என்று வேறு கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: நான் இப்போது வைத்திருக்கும் இரண்டாவது பெட்டி நல்ல பெட்டி, வாங்கலாம். ஆனால் இந்தச் சோதனை ஜெயிப்பதும் தோற்பதும் பெட்டியில் இல்லை, இரண்டு முனையிலும் நிற்கிற தண்ணீரில்தான் இருக்கிறது.

எதற்காக இந்த வேலையில் இறங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் காரை, புளியங்கண்ணு பக்கம் இருந்து வருகிறவர்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1976இல் தொடங்கி 1995இல் மூடப்பட்டது, அது விட்டுப்போன குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. "எங்க தாத்தா கிணறு மேடம், அதுல இப்ப யாரும் கைகூட வைக்கிறதில்ல" என்று ஒரு பையன் சொன்ன நாளில்தான் இந்த வருட ப்ராஜெக்ட் இதுதான் என்று முடிவு செய்தேன்.

சரி, முறை என்ன? ஈரமான மண்ணில் இரண்டு கம்பியை நட்டு நேர்மின்சாரம் கொடுத்தால் மூன்று காரியம் நடக்கிறது. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் அயனிகள் தத்தம் எதிர் முனையை நோக்கி நகர்கின்றன. களிமண்ணாக இருந்தால் தண்ணீரே மெல்ல மெல்ல எதிர்மின்முனைப் பக்கம் நகர்கிறது, இதை 1809இலேயே மாஸ்கோவில் ராய்ஸ் என்பவர் பார்த்து எழுதிவிட்டார். மூன்றாவதாக, முனைகளில் தண்ணீர் உடைந்து, நேர்மின்முனையில் அமிலமும் எதிர்மின்முனையில் காரமும் உண்டாகின்றன. வினையெல்லாம் இந்த மூன்றாவதில்தான். அமிலம் ஒரு பக்கமிருந்து வருகிறது, காரம் மறு பக்கமிருந்து வருகிறது. ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடு அயனியைப் போல கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேகமாக ஓடக்கூடியது என்பதால் இரண்டும் எதிர்மின்முனைக்குப் பக்கமாகச் சந்திக்கின்றன. அமிலத்தில் கரைந்து வந்த உலோகம் காரத்தைத் தொட்டதும் ஹைட்ராக்சைடாக உறைந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். வாசல் வரை வந்துவிட்டு வெளியே வராது. இதைத் தடுக்கத்தான் எல்லாப் பாடும்.

இவ்வளவு பாடு எதற்கு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாமே என்று கேட்பவர்கள் களிமண்ணில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. மணலில் கழுவலாம். களிமண்ணில் தண்ணீர் மேலேயே நிற்கும், இறங்காது. மின்சாரத்துக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, நுண்துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது தண்ணீரை நகர்த்தும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. இந்த முறையை நான் மதிக்கக் காரணம் இது ஒன்றுதான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். முதலில் வாங்கியது பொத்தான் அமுக்கி வோல்ட் வைக்கிற டிஜிட்டல் மாடல். பார்க்க அழகு, எடை குறைவு, இரண்டாவது பெட்டியைவிட ஆயிரம் ரூபாய் மலிவும்கூட. ஆனால் கரண்ட் போய் வந்தால் அதன் அவுட்புட் ஆஃப் நிலையில்தான் விழித்துக்கொள்கிறது. திரையில் 30.0 என்று பழைய எண் பத்திரமாக இருக்கும், பட்டனை மறுபடி அமுக்கினால்தான் முனைகளுக்கு வோல்ட் வரும். 10 நாள் இடைவிடாமல் ஓட வேண்டிய சோதனைக்கு இது சரிப்படாது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் வந்திருக்கிறது, நாங்கள் திங்கள்கிழமை காலையில்தான் கதவைத் திறந்தோம். "மேடம், பெட்டி செத்துப்போச்சு" என்று பையன் ஓடி வந்தான். சாகவில்லை, இரண்டரை நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வைத்துத்தான் எங்கள் கணக்கெல்லாம், அதனால் அந்தச் சுற்று முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைக்காரரிடம் கேட்டபோது, எல்லா டிஜிட்டலும் பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்கும் என்றார். ரிப்பேர் மேசைக்கு அது பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கும்போதே என்ன வேலைக்கு என்று விளக்கிச் சொல்லித்தான் வாங்கினேன், அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது பெட்டி பழைய ரகம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், வெளியே திருகுகிற குமிழ் நான்கு, தூக்கினால் கை வலிக்கும் கனம், விலை 7,000 ரூபாய்ச் சொச்சம். கரண்ட் போனால் அணையும், வந்தால் குமிழ் எங்கே நிற்கிறதோ அதே வோல்ட்டில் தானே மறுபடி ஓடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். 4 மாதத்தில் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை, பின்பக்கம் லேசாகச் சூடாகிறது, மற்றபடி குறை சொல்ல முடியாது. ஒரு கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸை இதற்கு முன்னால் மாட்டினோம், எங்கள் தொட்டி இழுக்கிற கரண்ட் மிகச் சிறிது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது.

குறை என்றால் ஒன்று உண்டு, அது இரண்டு பெட்டிக்கும் பொது. 5 ஆம்பியர் வரை காட்ட வேண்டிய மீட்டர் என்பதால் கரண்ட்டை 0.01 ஆம்பியருக்குக் கீழே காட்டாது. எங்கள் தொட்டி ஆரம்பத்தில் 0.2 ஆம்பியர் இழுத்து, போகப்போக 0.05க்கு இறங்குகிறது. 0.05 என்றால் 46 மில்லிஆம்பியரா 54ஆ என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுத்தான் படித்தோம். இப்போது வாங்கச் சொன்னால் 1 ஆம்பியர் அல்லது 2 ஆம்பியர் பெட்டியில் மில்லிஆம்பியர் காட்டுகிற மாதிரி பார்த்து வாங்குவேன், இந்த வேலைக்கு 5 ஆம்பியர் தேவையே இல்லை.

பெட்டியோடு கொடுத்த வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு ஒரு வாரம் இதில் போனது. சிவப்பு கறுப்பு வயர், நுனியில் பல் வைத்த கிளிப். நேர்மின்முனைக் கம்பியின் தலையில் சிவப்பு கிளிப்பைக் கவ்வவிட்டிருந்தோம். கம்பியில் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கிற அமிலத் துளி மேலே ஏறி கிளிப்பை நனைத்திருக்கிறது. நாலாவது நாள் பார்த்தால் கிளிப்பின் பல்லில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி, அதன் கீழே தண்ணீரில் நீலமாக ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது. செம்பு. குரோமியத்தை வெளியே எடுக்க வந்த நாங்கள் செம்பை உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு கம்பியைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நீட்டி, வயரைச் சுற்றி இறுக்கி, மேலே எபாக்சி பூசிவிட்டோம்.

கம்பி என்ன கம்பி என்பதும் அதே கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நினைத்து நேர்மின்முனையில் போட்டுவிடாதீர்கள். நேர்மின்முனையில் அது கரையும், இரும்போடு அதற்குள் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. குரோமியத்தை அளக்கிற சோதனையில் இதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. எதிர்மின்முனையில் போடலாம், அங்கே ஒன்றும் ஆகாது. நேர்மின்முனைக்கு நாங்கள் கிராஃபைட் கம்பி போட்டோம். ஒரு மாதத்தில் மேல் தோல் உரிந்து தண்ணீர் கறுத்துப்போகிறது, ஆனால் மண்ணுக்குக் கேடு இல்லை. வசதி இருப்பவர்கள் உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியம் வாங்கலாம், குழாய்களைத் துருவிலிருந்து காக்கிற வேலைக்கு விற்பது அதுதான். பழைய டார்ச் செல்லை உடைத்து அதன் கரித் தண்டை எடுத்துக்கொண்டு வந்தான் ஒரு பையன், ஆர்வத்தைப் பாராட்டினேன், ஆனால் வேண்டாம் என்றேன், அதில் மாங்கனீசு ஒட்டியிருக்கும்.

முதல் சுற்றில் கடையில் வாங்கிய வெள்ளைக் களிமண், கயோலின், அதில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்துப் பிசைந்தோம். 30 செ.மீ. நீள அக்ரிலிக் தொட்டி, 30 வோல்ட், அதாவது செ.மீ.க்கு 1 வோல்ட், இந்த முறையில் எல்லாரும் வழக்கமாக வைக்கிற அளவு. பார்க்க வேண்டிய காட்சி அது. முழுக்க மாம்பழ மஞ்சளாக இருந்த மண், எதிர்மின்முனைப் பக்கத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. குரோமேட், அதாவது ஆறு இணைதிறன் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவம், எதிர்மின் சுமை கொண்ட அயனி, அதனால் மற்ற உலோகங்களுக்கு நேர்மாறாக நேர்மின்முனைக்குப் போகும். மூன்றாம் நாள் தொட்டியில் பாதிக்கு மேல் சுத்த வெள்ளை. மாணவர்கள் செல்போனில் மணிக்கு ஒரு தடவை படம் எடுத்தார்கள். ஆனால் நேர்மின்முனைக்கு முன்னால் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் நின்றுவிட்டது, ஐந்தாம் நாள் ஆறாம் நாள் அப்படியே. அங்கே அமிலம் சேர்ந்துவிட்டது, அமில மண்ணில் குரோமேட் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நேர்மின்முனைத் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அடக்கிய பிறகுதான் அந்த நாலு விரலும் நகர்ந்தது.

இரண்டாவது சுற்று உண்மையான மண். ஒரு மாணவனின் மாமா நிலம், சிப்காட் பக்கத்துக் கால்வாய் ஓரம். தோண்டி எடுத்த பழுப்புக் களி, மஞ்சளெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டியை எடுத்து இரண்டு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. மண்ணில் சுண்ணாம்பு. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நேர்மின்முனையில் உண்டாகிற அமிலம் முழுவதையும் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும், அமிலம் முன்னேறாமல் மண்ணில் ஒட்டியிருக்கும் உலோகம் விடாது. பல வருடம் மண்ணில் ஊறிய குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறியிருக்கும், அது நேர்மின் சுமை கொண்டது, எதிர்மின்முனைக்குப் போக வேண்டியது, ஆனால் அமிலம் குறைந்த மண்ணில் கரையவே கரையாது. ஆக ஒரே மண்ணுக்குள் ஒரு பாதி இடது பக்கம் போக வேண்டும், மறு பாதி வலது பக்கம் போக வேண்டும். ஒன்றுக்குக் காரம் வேண்டும், இன்னொன்றுக்கு அமிலம் வேண்டும்.

எதிர்மின்முனைத் தண்ணீரில் அசிட்டிக் அமிலம் சேர்த்துக் காரத்தை அடக்கிப் பார்த்தோம். 10 நாள் ஓடியது. முடிவில் தொட்டியைத் துண்டு துண்டாக வெட்டினால், எதிர்மின்முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் பச்சையாக ஒரு பட்டை. குரோமியம் ஹைட்ராக்சைடு. வாசல் வரை வந்து உட்கார்ந்துவிட்டது என்று மேலே எழுதினேனே, அது இதுதான். மாதிரிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்ததில் மொத்தக் குரோமியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளியேறியிருந்தது. கயோலினில் பார்த்ததை நினைத்துக்கொண்டு வந்த மாணவர்கள் முகம் வாடிவிட்டது. ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டுகிற டைஃபீனைல்கார்பசைடு சோதனை செய்தபோது முதல் நாள் கத்தரிப்பூ நிறத்தில் வந்த கரைசல் இப்போது வெளிர் ரோஜா நிறத்துக்குக்கூட வரவில்லை. உடனே கைதட்டினார்கள். நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆறு குறைந்தது என்றால் வெளியே போனது என்று பொருள் இல்லை, மண்ணிலிருக்கும் இரும்பும் மக்கிய பொருளும் அதை மூன்றாக மாற்றியிருக்கலாம். மூன்று அவ்வளவு விஷம் இல்லை, தண்ணீரில் சுலபமாகப் போகாது, அதனால் அதுவும் நல்லதுதான். ஆனால் "நீக்கிவிட்டோம்" என்று அறிக்கையில் எழுதக் கூடாது. இந்த முறையை விற்கிறவர்கள் யாராவது ஆறு இணைதிறன் எண்ணை மட்டும் காட்டினால், மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

மின்சாரச் செலவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் தொட்டியில் இருக்கிற மண் 3 லிட்டர். சராசரியாக 3 வாட், 240 மணி நேரம், ஆக 0.72 யூனிட். 10 நாளைக்கு ஒரு யூனிட்கூட இல்லை. அதே கணக்கில் ஒரு கன மீட்டர் மண் என்றால் 240 யூனிட் ஆகிறது. அதுவும் ஐந்தில் ஒரு பங்கை எடுப்பதற்கு. ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழத்துக்கு என்று பெருக்கினால் 4,000 கன மீட்டருக்கு மேல் வரும், 10 லட்சம் யூனிட்டை நெருங்குகிறது. மலைக்க வைக்கிற எண்தான். ஆனால் அதே மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதும் இலவசம் இல்லை, அந்த வேறு ஊரிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நிலத்தில் நேரடியாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1980களில் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஒரு பழைய பெயின்ட் தொழிற்சாலை இடத்தில் ஈயத்துக்கும் செம்புக்கும் செய்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. 1998 வாக்கில் கலிபோர்னியாவில் பாயின்ட் முகு கடற்படைத் தளத்தில், முலாம் பூசும் கழிவு நீர் விட்ட குட்டையில் குரோமியத்துக்கும் கேட்மியத்துக்கும் முயன்றார்கள், அது சரியாக வரவில்லை. கடலோர மண், உப்பு அதிகம். கரண்ட் எல்லாம் குளோரைடை நகர்த்துவதில் போனது, நேர்மின்முனையில் குளோரின் உண்டானது, அமிலம் எதிர்பார்த்த வேகத்தில் முன்னேறவில்லை. நம் ஊரில் தோல் பதனிடும் இடங்களைச் சுற்றியிருக்கும் மண்ணை நினைத்துப் பாருங்கள், பச்சைத் தோல் வருவதே உப்பு போட்டுத்தான். அதனால் மண்ணைக் கையில் எடுத்ததும் முதலில் உப்பையும் சுண்ணாம்பையும் அளந்துவிடுங்கள், குரோமியத்தை அப்புறம் பார்க்கலாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டுத் தோட்டத்தில் கம்பி நடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: வேண்டாம். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வருகிறது, மூடிய அறையில் சேர்ந்தால் ஆபத்து, உப்பு மண்ணில் மறுமுனையில் குளோரின் வருகிறது, எங்கள் லேபிலேயே ஜன்னலைத் திறந்துவைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத்தான் ஓட்டுகிறோம். எல்லாவற்றையும்விட, மண்ணிலிருந்து வெளியே வந்த அந்த மஞ்சள் தண்ணீர் இருக்கிறதே, அது மண்ணைவிடக் கொடியது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதில் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு மூன்று இணைதிறனாக்கி, சுண்ணாம்பு போட்டு வண்டலாக இறக்கி, அந்த வண்டலைப் பூட்டிய கேனில் வைத்திருக்கிறோம். அது கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்கு போன்ற இடத்துக்கு முறையாகப் போக வேண்டியது. சாக்கடையில் ஊற்றினால் இத்தனை நாள் செய்ததற்கே அர்த்தம் இல்லை.

கல்லூரி லேபுக்கு என்றால் தயங்காமல் வாங்குங்கள். குமிழ் வைத்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, 2 ஆம்பியர் போதும், முடிந்தால் இரட்டை அவுட்புட் உள்ளதாகப் பாருங்கள், தொடரில் இணைத்தால் 60 வோல்ட் கிடைக்கும், நீளமான தொட்டிக்கு அது வேண்டும். பெட்டிக்குச் செலவழிக்கிற அதே அளவு பணத்தை அமிலமா காரமா என்று அளக்கிற ஒரு நல்ல பிஎச் மீட்டருக்கும் சொட்டு பம்புக்கும் ஒதுக்குங்கள். எங்களுக்கு அந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது, முதல் இரண்டு மாதம் பையன்கள் முறைபோட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சில் அமிலம் விட்டார்கள்.

இப்போது மூன்றாவது சுற்று ஓடுகிறது. அதே மாமா நிலத்து மண், அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலம், அது உலோகத்தைக் கவ்விக் கரைசலிலேயே வைத்திருக்கும் என்பதால் பச்சைப் பட்டை உட்காருவது குறையும் என்று எதிர்பார்க்கிறோம். இன்று 7ஆம் நாள், காலையில் மல்டிமீட்டர் 88 மில்லிஆம்பியர் காட்டியது, போன தடவை இதே நாளில் 50ஐத் தாண்டவில்லை. வெட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.